உஷார்! ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் வீட்டில் தண்ணீர் ஓடுகிறது

போன மாதம் ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. புழுக்கம் தாங்காமல் எழுந்து உட்கார்ந்தேன். மணி இரண்டு. மின்விசிறி நின்றிருந்தது, ஃப்ரிட்ஜ் நின்றிருந்தது, தெருவில் ஒரு வண்டி இல்லை. அந்த அமைதியில் குளியலறைப் பக்கமிருந்து மெலிதாக ஒரு 'ஸ்ஸ்ஸ்' கேட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு குழாயாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாக மூடியிருந்தன. தரை காய்ந்து கிடந்தது. சத்தம் வந்தது ஃப்ளஷ் டேங்கின் உள்ளேயிருந்து.

எத்தனை நாளாக இப்படி ஓடுகிறது என்று யோசித்துப் பார்த்தேன். பதில் இல்லை. பகலில் மிக்ஸி, டிவி, தெரு இரைச்சல் என்று ஆயிரம் சத்தங்கள். அன்றைக்குக் கரண்ட் போகாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் எனக்குத் தெரிந்திருக்காது. வயிற்றைக் கலக்கியது அந்த நினைப்புத்தான்.

மறுநாள் காலையில் டேங்குக்குக் கீழே இருக்கும் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, உள்ளே தண்ணீர் நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். ஒரு மணி நேரம் யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. திறந்து பார்த்தால் பாதி டேங்க் காலி. பத்து லிட்டர் டேங்கில் ஐந்து லிட்டர் போயிருக்கிறது. ஒரு நாளைக்கு 120 லிட்டர். பதினைந்து லிட்டர்க் குடத்தில் எட்டுக் குடம். நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் வழிகாட்டு அளவு. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமல் இன்னொரு ஆள் குடியிருந்து தண்ணீர் செலவழித்த மாதிரி. வருஷம் முழுக்க ஓடினால் நாற்பத்து மூன்றாயிரம் லிட்டரைத் தாண்டும். 12,000 லிட்டர் லாரியில் மூன்றரை லாரி.

பிளம்பர் தம்பி வந்தார். டேங்கின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். போர் தண்ணீரின் உப்பு படிந்து ஓரமெல்லாம் சொரசொரப்பாகி, டேங்கின் அடிவாயை மூட முடியாமல் கிடந்தது. "இதுக்குன்னு யாரும் கூப்பிடமாட்டாங்கம்மா. செவுத்துல ஈரம் வந்தாத்தான் கூப்பிடுவாங்க. இது நேரா பீங்கான்ல இறங்கி சாக்கடைக்குப் போயிடுது. யார் கண்ணுல படும்?" என்றார். வாஷரின் விலை அறுபது ரூபாய்.

தயவுசெய்து உங்கள் வீட்டில் இன்றைக்கே பாருங்கள். துணிக்குப் போடும் சொட்டு நீலம் இருக்கிறதல்லவா? ஃப்ளஷ் டேங்கின் மூடியைத் திறந்து அதில் ஏழெட்டுச் சொட்டு விடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. அதற்குள் பீங்கானில் நீலம் இறங்கினால் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். டேங்கின் நடுவே நிற்கும் குழாயின் விளிம்பையும் கவனியுங்கள். தண்ணீர் மட்டம் அந்த விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதன் வழியே உள்ளுக்குள்ளேயே வழிந்து போய்க்கொண்டிருக்கிறது. மிதவையைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் நின்றுவிடும். விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே மட்டம் நிற்க வேண்டும்.

இங்கே இன்னொரு எச்சரிக்கை. தண்ணீரை மிச்சம் பிடிக்க ஃப்ளஷ் டேங்குக்குள் செங்கல் போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். செங்கல் ஊறி, உதிர்ந்து, அந்தத் துகள் வாஷருக்கும் வாய்க்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு ஃப்ளஷுக்கு ஒரு லிட்டரை மிச்சம் பிடிக்கப் போய் நாள் முழுக்க ஒழுக விடுவீர்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, இறுக்க மூடி, மிதவையில் இடிக்காதபடி ஓரமாக வையுங்கள். அது போதும்.

ஏன் இவ்வளவு பதறுகிறாய் என்று கேட்கலாம். நான் சென்னையில் இருக்கிறேன். 2015 டிசம்பரில் இந்த ஊர் மூழ்கியதைப் பார்த்தேன். அடுத்த வருஷமே வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, செம்பரம்பாக்கத்தின் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததையும் பார்த்தேன். மாடிவரை வெள்ளம் வந்ததற்கும் குடத்தோடு தெருவில் நின்றதற்கும் நடுவே இருந்தது வெறும் மூன்றரை வருஷம். லாரிக்குச் சொல்லிவிட்டு நாள் கணக்கில் காத்திருந்தோம். லாரி எந்நேரம் வந்தாலும் வீட்டில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். எங்கள் கீழ்வீட்டு அக்கா அந்தக் கோடை முழுக்க ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். குளிக்கவைக்கத் தண்ணீர் இல்லை என்பதுதான் காரணம்.

அந்த ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகன்கள், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். மாலை போட்டு, கொடி கட்டி அனுப்பினார்கள். இப்போது என் ஃப்ளஷ் டேங்கை அந்த ரயிலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாளைக்கு 120 லிட்டர் வீதம் இருபத்தோராயிரம் வீடுகளில் கசிந்தால், ஒரு முழு ரயில் தண்ணீர் தினமும் சாக்கடைக்குப் போகிறது. இந்த மாநகரத்தில் இருபத்தோராயிரம் கழிப்பறைகள் என்பது ஒரு மூலை.

அதனால்தான் சொல்கிறேன், சத்தமில்லாமல் போகும் தண்ணீரைத் தேடுங்கள். சமையலறைக் குழாய் சொட்டினால் நாமே பார்த்துவிடுவோம். (அதையும் லேசாக நினைக்காதீர்கள். சொட்டும் குழாயின் கீழே 200 மில்லி டம்ளரை வைத்துப் பாருங்கள். பத்து நிமிஷத்தில் நிறைந்தால் ஒரு நாளைக்கு 28 லிட்டருக்கு மேல், வருஷத்துக்குப் பத்தாயிரம் லிட்டர்.) கண்ணில் படாமல் ஓடுவதுதான் கொள்ளை. மொட்டை மாடியில் இருக்கும் டேங்க் நிரம்பி வழிவது பல கட்டடங்களில் யாருக்குமே தெரியாது. வழியும் தண்ணீருக்கான குழாயை மழைநீர்க் குழாயோடு சேர்த்துவிட்டிருப்பார்கள். சுவரை ஒட்டி இறங்கி நேராகத் தெருவின் கால்வாய்க்குப் போய்விடும். உங்கள் 1,000 லிட்டர் டேங்க் அரை மணியில் நிரம்புகிறது என்றால் மோட்டார் நிமிஷத்துக்கு 33 லிட்டர் ஏற்றுகிறது. போன் பேசிக்கொண்டே பதினைந்து நிமிஷம் மறந்தால் 500 லிட்டர். வழியும் குழாயைத் தனியாகப் பிரித்து, விழுந்தால் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, படிக்கட்டுப் பக்கமோ வாசல் பக்கமோ திருப்பி வையுங்கள். நிரம்பினால் தானாக மோட்டாரை நிறுத்தும் கருவி போட்டிருந்தாலும் மாதம் ஒருமுறை பக்கத்தில் நின்று அது நிற்கிறதா என்று பாருங்கள். உப்பு படிந்தால் சென்சாரும் ஏமாற்றும்.

மண்ணுக்குக் கீழே போகும் குழாயைச் சோதிக்க ராத்திரியைவிட நல்ல நேரம் இல்லை. படுக்கப் போகும் முன் மாடி டேங்கை நிரப்பி, உள்ளே மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். தனி வீடு என்றால் காலையில் முதல் ஆள் குழாயைத் திறக்கும் முன் பாருங்கள். அடுக்ககம் என்றால் எல்லா வீட்டுக்காரர்களிடமும் சொல்லி, இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை யாரும் குழாயைத் தொடாமல் ஒரே ஒரு ராத்திரி ஒத்துழைக்கச் சொல்லுங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஓட்டை. தரைக்கு அடியில் இருக்கும் சம்ப்பையும் இதேபோல் கோடு போட்டுப் பாருங்கள். சம்ப் சுவரில் விரிசல் விட்டிருந்தால் தண்ணீர் வெளியே போவது பாதிக் கஷ்டம்தான். மழைக்காலத்தில் வெளியே இருக்கும் சாக்கடைத் தண்ணீர் அதே விரிசல் வழியாக உள்ளே வரும்.

சம்ப் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். விரிசல் பார்க்கிறேன், கழுவுகிறேன் என்று மூடிக் கிடந்த சம்ப்புக்குள் யாரும் சட்டென்று இறங்காதீர்கள், வேலைக்கு வந்த ஆளையும் இறக்காதீர்கள். நெடுநாள் மூடியிருந்த தொட்டிக்குள் பிராணவாயு இல்லாமல் இருக்கலாம். இறங்கியவர் மயங்கி விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். மூடியைத் திறந்து போட்டு நெடுநேரம் காற்றோட விட்டு, மோட்டாரின் மின் இணைப்பை முழுவதுமாகத் துண்டித்து, மேலே ஓர் ஆள் நிற்க, பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. தண்ணீரைக் காப்பாற்றப் போய் ஓர் உயிரை விட்டுவிடக் கூடாது.

தோட்டத்துக்கு வருகிறேன். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் பாசத்தில் தண்ணீர் ஊற்றிச் செடியைக் கொல்கிறார்கள் என்பது நான் கண்கூடாகப் பார்ப்பது. தொட்டியின் அடியில் தண்ணீர் வழிந்தோடினால் உரமும் அதோடு போகிறது, தளத்திலும் ஈரம் இறங்குகிறது. மண்ணுக்குள் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். காய்ந்த இலை, தென்னை நார், வைக்கோல் எது கிடைத்தாலும் மண்ணின் மேல் மூடாக்குப் போடுங்கள், பாதி வேலை முடிந்தது. சித்திரை வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஹோஸ் பிடிப்பவரைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. விடிகாலையில் பூவாளியால் ஊற்றுங்கள். தென்னை வைத்திருப்பவர்கள் அடிமரத்தில் ஊற்றுவதை நிறுத்துங்கள். உறிஞ்சும் வேர் அங்கே அதிகம் இல்லை. மரத்தைச் சுற்றி ஆறடி ஆரத்துக்கு வட்டப் பாத்தி எடுத்து அதில் விடுங்கள். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் எல்லாச் செடிக்கும் ஆகும். துணி துவைத்த சோப்புத் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம், பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கு வேண்டாம். ஆர்.ஓ. மெஷின் தள்ளிவிடும் தண்ணீரைத் தினமும் தொட்டிச் செடிக்கு ஊற்றினால் உப்பு சேர்ந்து இலை நுனி கருகும். அதை வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால், உங்களுக்கு ஆர்.ஓ. தேவைதானா என்று டி.டி.எஸ். மீட்டரால் அளந்து பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிதண்ணீருக்கு ஏற்றது. அதற்குக் கீழே இருக்கும் தண்ணீரை, உப்புக்காக மட்டும், ஒரு லிட்டர் குடிக்க மூன்று லிட்டரைத் தள்ளிவிடும் மெஷினில் விடுவது அநியாயம்.

இனி நான் உண்மையில் பயப்படும் விஷயம். மழைக்குழி.

2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது. ஊரே குழி தோண்டியது. சென்னையில் அடுத்தடுத்த வருஷங்களில் கிணறுகளில் மட்டம் ஏறியதைக் கண்ணால் பார்த்தோம். அந்தக் குழிகளுக்கு இன்றைக்கு இருபது வயது தாண்டிவிட்டது. உங்கள் வீட்டுக் குழியைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்?

எங்கள் அடுக்ககத்துக் குழியைப் புரட்டாசி பிறந்ததும் திறந்தோம். முதலில் அது எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியவில்லை. கார் நிறுத்த டைல்ஸ் போட்டபோது மூடியின் மேலேயே ஒட்டிவிட்டிருந்தார்கள். உடைத்துத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை களிமண். பதினேழு கூடை அள்ளினோம். நடுவில் சிமென்ட் மூட்டைச் சாக்கு, பெயின்ட் டப்பா, ஒரு சின்னக் குழந்தையின் செருப்பு. ஜல்லியும் மணலும் கெட்டியாகி ஒரே பாளம். மாடியிலிருந்து வரும் நான்கு குழாய்களில் ஒன்று தரைக்கு மேல் மூன்றடியில் முறிந்து நின்றது, இரண்டு பாதாளச் சாக்கடை மேன்ஹோலுக்குப் போயின. ஒன்றே ஒன்றுதான் குழிக்கு வந்தது. நாங்கள் ஒவ்வொரு மழையிலும் ஜன்னலோரம் நின்று 'நல்ல மழை, கிணறு ஊறும்' என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

போன அளவைக் கணக்குப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஒரு லட்சம் லிட்டர் கையில் நிற்கும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஆறு மாதத் தண்ணீர், ஒரு மாடியிலிருந்து மட்டும். இதில் பாதிக்கு மேல் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டிவிடும். அதைத் தவறவிட்டால் அடுத்த ஐப்பசிவரை போர் மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் பெரிய அபாயம். நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் அது ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் நாற்பது மீட்டர் ஆழத்துக்கு உப்புத் தண்ணீரை அமுக்கி வைத்திருக்கும். மேலே அந்த ஒரு மீட்டரை நாம் உறிஞ்சித் தீர்த்தால் கீழிருந்து நாற்பது மீட்டர் உப்பு ஏறி வரும். மீஞ்சூர்ப் பக்கம் விவசாயக் கிணறுகளில் உப்பு ஏறியது இப்படித்தான். ஒருமுறை ஏறிய உப்பை ஒரு மழை விரட்டாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி மணல் பூமியில் இருப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. விட்ட மழை விறுவிறுவென்று இறங்கிவிடும். அங்கே குழியை அடைத்து வைத்திருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. கிண்டி, வேளச்சேரிப் பக்கம் அடியில் பாறை. அங்கெல்லாம் சின்னக் குழி போதாது, உறை இறக்கிய ஆழமான கிணறு வேண்டும், தெரிந்தவர்களைக் கேட்டுச் செய்யுங்கள்.

உங்கள் குழி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு வாளித் தண்ணீர் போதும். மாடியில், மழைக்குழாயின் வாயில் ஒருவர் ஊற்ற வேண்டும், கீழே குழியருகே ஒருவர் நிற்க வேண்டும். தண்ணீர் குழிக்கே வரவில்லை என்றால் குழாய் வேறெங்கோ போகிறது. வந்து அப்படியே தேங்கி நின்றால் குழி அடைத்துவிட்டது. மழைக்குழாய் சாக்கடையில் சேர்ந்திருந்தால் உடனே பிரியுங்கள். பெருமழையில் மேன்ஹோல் பொங்கி, தரைத்தளத்துக் கழிப்பறை வழியாக வீட்டுக்குள் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். மண்ணை அள்ளி, ஜல்லி, கூழாங்கல், மணலைக் கழுவியோ மாற்றியோ போடுங்கள். மாடியைப் பெருக்கி, முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு அப்புறம் குழிக்குத் திருப்புங்கள். வடிகட்டாமல் நேராக போர் குழாய்க்குள் மட்டும் மழைத் தண்ணீரை விடாதீர்கள். மாடியின் பறவை எச்சமும் தூசியும் நேராக ஆழத்து நீருக்குப் போய்ச் சேரும், திரும்ப எடுக்க வழியில்லை.

பிடித்து வைக்கும் தண்ணீரிலும் ஆபத்து இருக்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேடி வருவது நல்ல தண்ணீரைத்தான். டிரம்மின் உள்சுவரில் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். தண்ணீர் காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாமல் காத்திருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை உள்சுவரை நார் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். டிரம்மை வேட்டித்துணியால் இறுக்கிக் கட்டி மூடுங்கள். செடித் தொட்டிகளுக்குக் கீழே இருக்கும் தட்டு, ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தட்டு, மாடியில் கிடக்கும் தேங்காய்த் தொட்டி எதையும் விடாதீர்கள்.

எங்கள் குழியைச் சரிசெய்து போன வாரம் சோதித்தோம். கீழ்வீட்டு அக்கா குழியருகே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் மாடியிலிருந்து இரண்டு வாளி ஊற்றிவிட்டு எட்டிப் பார்த்தேன். "வருது, வருது!" என்று கையை ஆட்டினார். பத்து நிமிஷத்தில் ஜல்லியின் மேல் ஒரு சொட்டு இல்லை. அதற்கப்புறம் நானும் அவரும் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினோம். பதினான்கு வீட்டில் மூன்று வீட்டில்தான் குழி எங்கே என்று காட்டத் தெரிந்தது. மீதிப் பதினோரு வீட்டிலும் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றார்கள். ஐப்பசி பிறக்க இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.